பொன்னும் போலியும்

மணப்பெண்ணின் விரல் நுனிக்கு மருதாணிச் சிவப்பே போதும் என்றிருந்த நம் ஊர்களில், நகத்தின்மீது பொன்னிறத் தாள் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவலாகக் காணக் கிடைக்கிறது. சுருளாகவும், சிறு சதுர ஏடாகவும், குப்பியில் அடைத்த துணுக்காகவும் அத்தாள் விற்பனைக்கு வருகிறது. உறையின்மேல் பெரும்பாலும் 'கோல்டு' என்ற ஒரே சொல்தான் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ மூன்றில் ஒன்று. உண்மையான பொன்னைத் தட்டி எடுத்த ஏடாக இருக்கலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ஏடாக இருக்கலாம். பொன்னும் இன்றிப் பித்தளையும் இன்றி, மஞ்சள் வண்ணப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அலுமினியமாகவும் இருக்கலாம். இம்மூன்றனுள் எதைத் தேர்வது என்பது அழகு நிலையத்தாரின் கவலை, இலக்கிய அன்பர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த மூன்று தாள்களுக்கும் பின்னால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கைத்தொழில் வரலாறு நிற்கிறது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி, பொன் இல்லாமலே பொன்னைக் காட்டிய மனிதர்களுடையது.

பொன்னை ஒத்தவற்றுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அப்பிரகத்தைக் காக்காப்பொன் என்றோம். கில்ட், கவரிங், ஜிகினா எல்லாம் நம் வீட்டுச் சொற்களே. தட்டி மெலிதாக்கிய உண்மைப் பொன்னுக்குத் தஞ்சாவூர் ஓவியர்களும் சித்த மருத்துவர்களும் 'தங்க ரேக்கு' என்ற சொல்லை வழங்குகின்றனர். இக்கட்டுரையில் நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

விரல் நுனியில் பொன் ஏறிய வரலாற்றில் நமக்குக் கிட்டும் மிகப் பழைய சான்றுகளுள் சில உயிரோடிருந்தோருக்கானவை அல்ல. எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1925இல் அவன் உடலைச் சுற்றிய துணிகள் அகற்றப்பட்டபோது, கை விரல், கால் விரல் ஒவ்வொன்றுக்கும் பொன்னால் ஆன உறை அணிவிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அவ்வுறைகளில் நகத்தின் வடிவமும் பொறிக்கப்பட்டிருந்தது. கடவுளரின் தசை பொன்னால் ஆனது என்பது எகிப்தியர் நம்பிக்கை. இறந்த மன்னனும் அத்தசையைப் பெறவேண்டும் அல்லவா? அங்கே போலிக்கு இடமில்லை.

சீனத்தின் சிங் மரபு அரண்மனைப் பெண்டிர் நீள வளர்த்த நகங்களைக் காக்க உறைகள் அணிந்தனர். பேரரசியார் சிக்சியை 1903, 1904ஆம் ஆண்டுகளில் எடுத்த ஒளிப்படங்களில் அந்நீண்ட நக உறைகளைத் தெளிவாகக் காணலாம். இத்தகைய உறைகள் பொன்னிலும் பச்சை மாணிக்கக் கல்லிலும் செய்யப்பட்டன. அருங்காட்சியகங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல பொன் முலாம் பூசிய வெள்ளி. அரண்மனைக்குள்ளேயே பொன்னின் தோல் போதும் என்ற சமரசம் வந்துவிட்டது எனலாம்.

வடதாய்லாந்தின் சியாங்மாய் நகருக்கு வந்தால் இன்னொரு படி இறங்குகிறோம். நம் கருத்தில், ஏறுகிறோம். அங்கே 'ஃபோன் லெப்' என்றொரு நடனம் உண்டு. நக நடனம் என்பதே அதன் பொருள். கட்டைவிரல் நீங்கலாக எட்டு விரல்களிலும் நீண்டு வளைந்த நகங்களைப் பூட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக ஆடுவர். அந்நகங்கள் பித்தளை. மன்னர் சுலலாங்கோர்னின் துணைவியருள் ஒருவரும் சியாங்மாய் அரச குடும்பத்தில் பிறந்தவருமான தாரா ரசுமி, மன்னர் மறைவுக்குப் பின் ஊர் திரும்பி, 1933இல் தாம் மறையும் வரை வடபுலத்து ஆடல் பாடல்களுக்குப் புத்துயிர் ஊட்டினார். அரச குடும்பத்தில் பிறந்தவரின் ஆதரவு பெற்ற ஆடலிலும் நகம் பித்தளையாகவே நிலைத்தது. அரங்கின் விளக்கொளியில் விரல் அசைவு தொலைவிலிருந்து தெரியவேண்டும் என்பதே அங்குத் தேவை. அத்தேவைக்குப் பித்தளை போதும். அதைப் பொன் என்று எவரும் சொல்வதும் இல்லை.

இனி ரேக்குக்கு வருவோம். பொன்னைப் போல் தட்டத் தட்ட விரியும் உலோகம் வேறில்லை. உரோமானிய அறிஞர் பிளினி, முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்றில், ஓர் அவுன்சு பொன்னிலிருந்து நான்கு விரல் அகலச் சதுரமாக 750 ஏடுகளும் அதற்கு மேலும் எடுக்கலாம் என்று குறிக்கிறார். அக்கால அவுன்சையும் விரல் அளவையும் கொண்டு கணக்கிட்டால், அந்த ஏட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. தடித்த ஏட்டுக்கு ஒரு பெயர், மெல்லிய ஏட்டுக்கு வேறொரு பெயர் என்று உரோமில் தர வேறுபாடும் இருந்திருக்கிறது. வாங்குவோர் தேர்ந்து வாங்கினர் என்பது அதன் பொருள்.

இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400ஐ ஒட்டி எழுதிய ஓவியக் கையேட்டில் இத்தேர்வு இன்னும் கூர்மையாகப் பேசப்படுகிறது. ஒரு டுகாட் பொற்காசைத் தட்டி 145 ஏடுகள் எடுக்கிறார்கள், தட்டையான பரப்புக்குப் பொன் பூச வேண்டுமாயின் நூறுக்கு மேல் எடுக்காத ஏட்டையே வாங்குக என்கிறார் அவர். அதே கையேட்டில், கன்னி மரியாளின் உருவத்துக்கு நல்ல பொன்னையும் நல்ல நீலத்தையும் பயன்படுத்து, கூலி குறைவென்றாலும் பயன்படுத்து என்ற அறிவுரையும் வருகிறது. காசை மிச்சம் பிடிக்கும் பொன் தட்டுபவரையும், கூலி குறைத்துக் கொடுக்கும் செல்வரையும், இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் ஓவியரையும் அந்தச் சில வரிகளிலேயே கண்டுவிடுகிறோம். அறுநூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த மூவரும் எங்கும் போய்விடவில்லை.

பொன் தட்டுதலை இன்று காண விரும்புவோர் ஜப்பானின் கனசவா நகருக்குச் செல்லவேண்டும். அந்நாட்டுப் பொன் ஏட்டில் ஏறத்தாழ முழுவதும் அவ்வூரிலேயே உருவாகிறது. காகா நாட்டை ஆண்ட மயேதா தோஷியியே, 1593இல் கொரியப் போர்க்காகத் தொலைவில் பாசறையிட்டிருந்தபோது, பொன் வெள்ளி ஏடுகள் செய்யுமாறு தம் நாட்டுக்கு ஆணை அனுப்பியதாக அறிகிறோம். பின்னர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடோ ஆட்சியாளர் இத்தொழிலைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து பிற ஊர்களில் தடுத்தனர். கனசவாவினர் மறைவாகத் தட்டிக்கொண்டிருந்தனர். 1808இல் கோட்டை அரண்மனை தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்டபோது பெருமளவு ரேக்கு தேவைப்பட்டது. அந்த வாய்ப்பில் தொழில் ஊன்றிக்கொண்டது. அங்கு வழக்கமாகப் பயன்படும் கலவையில் பொன் 94 விழுக்காட்டுக்குச் சற்று மேல், வெள்ளி ஏறத்தாழ 5 விழுக்காடு, எஞ்சியது செம்பு. ஏட்டின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பிளினி சொன்னதைவிட மூன்று மடங்கு மெலிது.

ஐரோப்பியர் பொன் துண்டுகளை மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வுகளுக்கிடையே வைத்துத் தட்டினர். கனசவாவிலோ காகிதம். கையால் செய்த காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீர், ககி என்னும் பழத்தின் துவர்ச்சாறு, முட்டை ஆகியவை கலந்த கரைசலில் தோய்த்து, உலர்த்தி, மீண்டும் மீண்டும் தட்டிப் பக்குவப்படுத்துவர். ரேக்கின் தரம் தட்டுபவர் கையில் பாதி, காகிதத்தில் பாதி என்று சொல்லத் தகும் அளவுக்கு இக்காகிதம் முதன்மை பெற்றது. மரபு வழியிலான இம்முறை 2020இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில், ஜப்பானிய மரக்கட்டடக் காப்புத் திறன்களுள் ஒன்றாக இடம்பெற்றது. பலமுறை தட்டப்பட்டுத் தேய்ந்த காகிதம் முகத்தின் எண்ணெய்ப் பசையை ஒற்றியெடுக்க மிக உகந்தது என்று கண்ட கெய்ஷா பெண்களும் நாடக நடிகர்களும் அதைத் தேடி வாங்கினர். இன்று உலகெங்கும் விற்கும் ஒற்றுத்தாள் அதன் வழிவந்ததே. பொன்னின் பக்கத்தில் கிடந்த காகிதத்துக்கு வாய்த்த வாழ்வு!

இங்கே ஒரு சிறு கணக்கு. பத்து விரல் நகங்களின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். கனசவா ரேக்கின் தடிமனால் பெருக்கி, பொன்னின் அடர்த்தியான 19.3ஐக் கொண்டு நிறுத்தால், பத்து நகங்களையும் முழுதாகப் போர்த்தத் தேவைப்படும் பொன் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 8 கிராம் கொண்ட ஒரு சவரனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மணப்பெண்களின் விரல்களைப் பொன்னாக்கிவிடலாம். ஆக, உண்மை ரேக்குக்கு நாம் தரும் விலையில் உலோகத்தின் பங்கைக் காட்டிலும் உழைப்பின் பங்கு மிகுதி. 'அசல் தங்கம்' என்று சொல்லி விற்பவர் உண்மையில் விற்பது ஒருவரின் கைத்திறனையும் பொறுமையையும். இதை மறந்து, தங்கம் விலை ஏறியதால் ரேக்கு விலையும் ஏறியது என்று மட்டும் பேசுவது முழுக் கணக்காகாது.

பொன் இல்லாதவர் என் செய்தார்? அவர்களுடைய ஏடும் தொலைந்துபோகவில்லை. எகிப்தின் தீப்சு நகரில் கிடைத்து இன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் இருக்கும் பப்பைரசுச் சுவடி ஒன்று, 3ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. உலோகங்களைப் பொன் போலவும் வெள்ளி போலவும் காட்டுதற்கான செய்முறைகள் அதில் நிரம்பியுள்ளன. நமக்கு அதில் பெருவியப்பு, பொன் இல்லாமலே பொன்னெழுத்து எழுதும் முறைகள். பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கது என்று மேடையில் முழங்குவோர் இச்சுவடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பின் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலசு என்ற புனைபெயரில் ஒரு துறவி கைத்தொழில் நூலொன்று எழுதினார். செருமானியர் என்று கருதப்படுகிறார். பொன் ஏடு கைவசம் இல்லாதவர் வெள்ளீயத்தை மெல்லிய ஏடாகத் தட்டி, இளமரத்தின் பட்டையும் குங்குமப்பூவும் பழைய மதுவில் ஊறிய மஞ்சள் சாற்றில் அதைத் தோய்த்து, பொன்னிறம் ஏறியதும் எடுத்துக்கொள்க என்று அவர் வழி சொல்கிறார். அதே சூத்திரம் தோலுக்கும் போயிற்று. ஐரோப்பிய மாளிகைச் சுவர்களைப் போர்த்திய 'பொன் தோல்' விரிப்புகள் புகழ்பெற்றவை. முதலில் இசுபெயினிலும் பின்னர் நெதர்லாந்திலும் அவை செழித்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு குன்றிமணிப் பொன்கூடக் கிடையாது. தோலின்மீது வெள்ளி ஏடு. வெள்ளியின்மீது மஞ்சள் வார்னிஷ். வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சள் பூச்சினூடே வரும்போது பொன்னாகிவிடுகிறது.

இச்சூத்திரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். வெண்மையான உலோகம் அடியில், மஞ்சள் கண்ணாடி போன்ற பூச்சு மேலே. கட்டுரை இனி அதன் பின்னேதான் செல்லும்.

போலிப் பொன்னுக்கு இன்னொரு குலமும் உண்டு. அது பித்தளைக் குலம். செம்பு மிகுதியாகவும் துத்தநாகம் குறைவாகவும் கலந்த உலோகத்தை ஏடாகத் தட்டி 'டச்சு மெட்டல்' என்ற பெயரில் படச்சட்டம், மரச்சாமான் எனப் பலவற்றுக்கும் ஒட்டினர். நக அலங்காரத்துக்கென்று விற்கும் சதுர ஏடுகளும் குப்பித் துணுக்குகளும் மிகப் பெரும்பாலும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. உண்மை ரேக்கைவிட இது பன்மடங்கு தடித்தது. கையால் தூக்கினால் சரசரக்கும். நிறத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் செம்பு இருக்குமிடத்தில் களிம்பு வரும். ஆணவ மலத்தை விளக்கச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பு என்ற உவமையைக் கையாண்டது சும்மா அல்ல. வெளியிலிருந்து வந்து ஒட்டுவதன்று அது, செம்போடு உடன்பிறந்தது. வியர்வை, உப்பு, புளி மூன்றும் ஓயாது படும் விரல் நுனியில் பித்தளை ஏட்டைத் திறந்தபடி விட்டால் சில நாளில் நிறம் மங்கிக் கறுக்கும். ஆகவே மேற்பூச்சால் முற்றிலும் மூடவேண்டும். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: உதிரும் பித்தளைத் துணுக்கு சோற்றோடு உள்ளே போவது நல்லதன்று. தூய பொன்னுக்கு உணவில் சேர்க்கும் பொருளாக ஈ175 என்ற எண்ணே உண்டு. பித்தளைக்கு அந்தத் தகுதி இல்லை.

மூன்றாவது தாள் சுருளாக வருவது. இதன் முன்வரலாறு நம்மைப் போன்ற புத்தகப் பிராணிகளுக்கு நெருக்கமானது. புத்தக அட்டையின் தோலில் சூடான அச்சால் பொன் ஏட்டைப் பதிப்பது கட்டுநர்களின் பழைய கலை. ஏட்டைக் கையால் எடுத்து இடும் அந்தத் தொல்லையை நீக்கி, நாடாவில் ஏற்றிய தாளை வெப்பத்தால் அட்டைக்கு மாற்றும் முறைக்கு 1892இல் எர்ன்சுடு ஈசர் என்பார் செருமனியில் காப்புரிமை பெற்றார். பாலியெஸ்டர் படலம் 1950களில் பரவிய பிறகு இந்நாடா இன்றைய வடிவத்தை எய்தியது. நம் கல்லூரிகளில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் கட்டி அளிக்கும் ஆய்வேடுகளின் அட்டையில் மின்னும் தலைப்பும் பெயரும் இத்தாளின் கைவண்ணமே. நம் அலமாரியில் ஆண்டுதோறும் சேரும் அந்த வரிசையில் ஒரு மில்லிகிராம் பொன்னும் இல்லை. உள்ளே இருக்கும் ஆய்வுகளைப் பற்றி இங்குப் பேசவேண்டாம்.

இந்நாடாவின் அமைப்பைப் பார்ப்போம். தாங்கும் பாலியெஸ்டர் படலம். அதிலிருந்து எளிதில் விலகுதற்கான ஒரு மெல்லிய மெழுகுப் படிவு. அதன்மேல் மஞ்சள் வண்ணப் பூச்சு. அதன்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியச்செய்த அலுமினியம். அலுமினியத்தின் தடிமன் தட்டிய ரேக்கைவிடவும் குறைவு. சம்மட்டி ஓசை ஏதுமின்றி அவ்வளவு மெலிந்துவிட்டது. நகத்தின்மேல் பசை தடவி, பசை ஓரளவு உலர்ந்ததும் நாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுத்தால், படலம் மட்டும் கையோடு வர, மற்றவை நகத்தில் தங்கிவிடும். இப்போது நகத்தின்மீது அலுமினியம் அடியில், மஞ்சள் பூச்சு மேலே. வெண்மையான உலோகம், அதன்மேல் மஞ்சள் வார்னிஷ்! தியோபிலசின் வெள்ளீயம் அலுமினியமாயிற்று, குங்குமப்பூச் சாறு செயற்கைச் சாயமாயிற்று. மற்றபடி 900 ஆண்டுகளாகச் சூத்திரம் மாறவில்லை.

இதே பொருளைத் தமிழர் இன்னொரு பெயரில் நெடுநாளாக அறிவர். காஞ்சிபுரம் பட்டின் நல்ல சரிகை என்பது சிவப்புப் பட்டிழையின்மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் ஏற்றியது. எடையில் பொன் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே. வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி வந்தபோது விலை இறங்கியது. பின்னர் உலோகம் படிந்த பாலியெஸ்டர் படலத்தை இழையாகக் கத்தரித்த பிளாஸ்டிக் சரிகை வந்தது. அதுவும் நகச் சுருளும் உடன்பிறப்புகள். சரிகையைச் சுரண்டிச் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கும் நம் பாட்டிமாரின் சோதனை, நகத் தாளுக்கும் வேறு வடிவில் செல்லும். தாளைப் புரட்டிப் பாருங்கள். முன்புறம் பொன்னாகவும் பின்புறம் வெள்ளி போலவும் இருந்தால் அது அலுமினியச் சுருள். இருபுறமும் பொன்னாக இருந்தால் பித்தளையோ உண்மை ரேக்கோ. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் பித்தளை நொறுங்கித் துகளாகும். உண்மை ரேக்கோ தோலின் வரிகளுக்குள் கரைந்ததுபோல் மறைந்துவிடும். ரேக்கை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் ஊடுருவி வரும் ஒளி பசுமையாகத் தெரியும். பொன்னின் இவ்வியல்பை மைக்கேல் ஃபாரடே 1857இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நம் வகுப்பு மாணவி ஒருவர், தம் அக்காள் திருமணத்துக்கு ஒட்டிய நகத் தாள் மறுநாளே வெளுத்துவிட்டதென்றும், 'போலித் தங்கத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள், ஐயா' என்றும் வருந்தினார். மேற்பூச்சில் உள்ள கரைப்பான் மஞ்சள் வண்ணத்தைக் கரைத்து அலுமினியத்தை வெளிக்காட்டியிருக்கிறது. இத்தாளுக்கு நீர்வழி மேற்பூச்சே ஏற்றது. அசிட்டோன் வகைகள் பகை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று நாமும் வகுப்பும் அன்று சற்று நேரம் வாதிட்டோம். நன்னூல் நடந்துகொண்டிருந்த வேளை அது. எழுத்தியலில் போலி என்பது குற்றப் பெயரன்று. நிலம் என்பது நிலன் என்றானால் கடைப்போலி. ஓரெழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. பேச்சு வழக்கில்தான் போலி என்பது ஏமாற்று என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. மாணவியரின் தரப்பும் வலுவாகவே இருந்தது. நிலன் என்று எழுதுபவர் நிலம் என்பதற்கான விலையைக் கூடுதலாகக் கேட்பதில்லையே, ஐயா, என்றார் ஒருவர். வாயடைத்துப்போனோம்.

அவர் சொன்னதில் வழக்கின் முடிச்சு இருக்கிறது. சுருள் தாளுக்குச் சுருளின் விலை, பித்தளைக்குப் பித்தளையின் விலை என்றால் எவர்க்கும் இழப்பில்லை. பித்தளைத் துணுக்கு நிறைந்த குப்பியின்மேல் '24 காரட்' என்று ஒட்டி, தட்டுபவரின் உழைப்புக்குரிய விலையைத் தட்டாதவர் பெறும்போது வாங்குபவருடன் அந்தத் தட்டுபவரும் கொள்ளை போகிறார். தஞ்சாவூர் ஓவியத்திலும் இதே கதை நடக்கிறது. உண்மை ரேக்குக்குரிய விலை கொடுத்து மலிவுத் தாள் ஒட்டிய படத்தை வாங்கியவர், சில ஆண்டில் கண்ணன் மேனி கறுத்ததும் அக்கலையையே நொந்துகொள்கிறார்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் பொற்கடை வீதியைக் காண்கிறான். அங்கே நால்வகைப் பொன் விற்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று கிளிச்சிறை. கிளியின் சிறகு போன்ற நிறமுடையது என்பர் உரைகாரர். இன்ன பொன் இன்ன இடத்தில் உள்ளது என்று வாங்குவோர் மயங்காதிருக்க, பொன்னின் வகை தெரிந்த வணிகர் அங்கே கொடி உயர்த்தியிருந்தார்களாம். நகத் தாள் விற்கும் கடைகளில் நாம் தேடுவது அந்தக் கொடியைத்தான்.

நிறத் தேர்வு பற்றியும் சொல்லவேண்டும். எல்லாப் பொன்னும் ஒரே மஞ்சளன்று. வெள்ளி கூடினால் பசுமை கலந்து வெளிறும். செம்பு கூடினால் சிவக்கும். சுருள் தாளிலும் இந்தச் சாயல்கள் எல்லாம் வண்ணத்தாலேயே ஆக்கப்பட்டு வருகின்றன. மாநிறக் கைகளுக்குச் செம்மை ஏறிய பொன்னே பொலிகிறது என்பது நம் எண்ணம். எலுமிச்சை மஞ்சள் தாள் நம்மவர் விரலில் காகிதம் ஒட்டியது போலவே தெரிகிறது. மருதாணி இட்ட கையாயின் இது இரட்டிப்பு உண்மை.

உண்மை ரேக்கை விரும்பி வாங்குவோர் அடிநிறத்தில் கருத்து வைக்கவேண்டும். ரேக்கு மிக மெலிதாதலால் அடியிலுள்ள நிறம் அதில் ஏறிவரும். ஐரோப்பியப் பலகை ஓவியர் பொன்னுக்கு அடியில் சிவந்த களிமண் பூச்சை இட்டது இதற்காகவே. பொன்னில் வெடிப்பு விழுந்த இடத்திலும் வெண்மை பல்லிளிக்காமல் செம்மை தெரியும். நகத்துக்கும் அவ்வாறே. வெறும் நகத்தின்மேல் இட்ட ரேக்கு வெளிறும். செங்கல் சிவப்புப் பூச்சின்மேல் இட்டால் பழம்பொன் போல் ஒளிரும். கருமையின்மேல் இட்டால் குளிர்ந்து தோன்றும். ஏட்டை விரலால் தொடாமல் மென்மயிர்த் தூரிகையால் எடுக்கவேண்டும், மின்விசிறியை நிறுத்தவேண்டும், மூச்சையும் சற்று அடக்கிக்கொள்ளவேண்டும். ஒரு பெருமூச்சுக்கே அது பறந்துவிடும்.